குடத்தின் மேல் நின்ற வெளிச்சம்

ஸ்குரூ முறுக்குவதிலும் ஒயர் இழுப்பதிலும் நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்கு இப்போது ஏணியின் மூன்றாவது படியிலேயே முட்டி கழன்றுகொள்கிறது. எந்தக் கேமரா நல்லது, எந்த மோடம் நல்லது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவன் நான். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அது நான் செய்த தப்பு. நடுவில் யாராவது போனை நோண்டினால் எனக்குக் கோபம் வரும், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஆரணியில் நான் டிவியும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் வந்தேன். போன் கம்பியிலேயே பிராட்பேண்ட் வந்து கொஞ்ச காலம் ஆனபோதுதான், வீட்டில் இருந்துகொண்டே எங்கேயோ இருக்கும் கேமராவைப் பார்க்கலாம் என்ற சங்கதி எனக்குத் தெரிந்தது. ஒன்று வாங்கி வந்து கடைச் சுவரில் மாட்டினேன். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய், கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தக் கேமராவின் நம்பரை அடித்தேன். ரொம்ப நேரம் வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் மேலிருந்து கீழாக, வரி வரியாக, என் கடை இறங்கி வந்தது. மேஜை, சால்டரிங் இரும்பு, பாதி குடித்து வைத்த டீ கிளாஸ். நான் இல்லாத இடத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனவர்கள் இப்படித்தான் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் போலிருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. பயமாக இல்லை, சுகமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டின கடைய பாத்துகினு இன்னாத்துக்கு இளிச்சிகினு இருக்க? சோறு ஆறுது" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். பரவாயில்லை.

ருக்மணி அம்மா அந்தக் காலத்தில் ஆரணியில் பேர் சொல்லக்கூடிய மாஸ்டர் வீவர், அதாவது பாவு நூல் கொடுத்து ஆள் வைத்து நெய்ய வைக்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீடு ஆரணியில், காலைத் தரைக்குழிக்குள் விட்டு மிதித்து நெய்கிற குழித்தறி நாலு போட்ட கொட்டகை முள்ளிப்பட்டில். கல்யாணத்துக்கு முன்னால் தானும் தறியில் உட்கார்ந்தவர் என்பதால் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தினமும் காலையில் ஆட்டோவில் முள்ளிப்பட்டுக்குப் போவார். ஒவ்வொரு தறியாக நின்று, நெய்த துணியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார். பலகையின் அடி சரியாக விழுந்திருக்கிறதா, இழை தளர்ந்திருக்கிறதா என்று கைக்கே தெரிந்துவிடும். அப்புறம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய மேற்பார்வை.

அவருக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. மூன்று மாதம் எழுந்திருக்கவே கூடாது, ஆட்டோ பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கட்டிலில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்கரு, படுத்துகினே கொட்டாய பாக்கற மாரி எதுனா வழி இருக்காமே. பண்ணிக் குடு. கூரையையே பாத்துகினு கெடந்தா நான் பைத்தியமாயிடுவேன்" என்றார்.

இரண்டு நாள் முள்ளிப்பட்டில் வேலை. கேமராவைக் கொட்டகையின் நடு விட்டத்தில் மாட்டினேன். நாலு தறியும் தெரிந்தது. தறிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்க எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓட்டுக் கூரையில் ஒரே ஓர் இடத்தில் கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் தரையில் விழும். காலையில் மேற்குச் சுவரில் இருக்கும், மெல்ல இறங்கி, தரைக்கு வந்து, நகர்ந்து நகர்ந்து மத்தியானம் முதல் தறியின் மேல் ஏறும். பட்டின் மேல் அது ஏறும்போது அந்த மூலையே சிவந்துபோகும். நகர்வது கண்ணுக்குத் தெரியாது. வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும். அங்கே கடிகாரம் கிடையாது. சுவரோரம் ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது. வெளிச்சம் அந்தக் குடத்தின் மேல் வந்தால் பத்து மணி.

"வெளிச்சம் கொடத்துக்கு வந்துட்ச்சி. எழுந்திருங்கப்பா, டீ சாப்ட்டு வரலாம்" என்று முதல் தறிக்காரர் சொல்வார். அவர் பேர் கோதண்டம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ருக்மணி அம்மாவிடம் பன்னிரண்டு வருடமாக நெய்துகொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். நான் ஏணியில் நின்றபோது அவராகவே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல அம்மா எங்கள பாப்பாங்களா?"

"ஆமாங்கண்ணா."

"நாங்க அம்மாவ பாக்க முடியாதா?"

"அதுக்கு இதுல வழி இல்லீங்கண்ணா."

"சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, அந்தக் கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கரண்ட் போய் வந்தால் அதன் கடிகாரம் என்றைக்கோ முடிந்துபோன ஏதோ ஒரு வருடத்துக்குப் போய் நிற்கும். முள்ளிப்பட்டில் கரண்ட் போவதைக் கேட்கவா வேண்டும். அம்மா தினமும் "இன்னாது இது, தேதி தப்பா காட்டுது" என்று கேட்டுப் பேஜார் பண்ணுவாரே என்று நினைத்து, படத்தின் மூலையில் வரும் தேதி, மணி இரண்டையுமே எடுத்துவிட்டேன். படம் சுத்தமாக இருந்தது.

இரண்டாவது இன்னும் மோசம். அம்மா வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து முதல் முறை படம் காட்டிய அன்றைக்கு, பக்கத்துத் தெரு மாஸ்டர் வீவர்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சரியாக ஓடினால் தங்களுக்கும் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். கொட்டகையில் அப்போது எல்லோரும் டீக்குப் போயிருந்த நேரம். நாலு தறி மட்டும் தெரிந்தது. "அடேயப்பா, ஆடாம அசையாம எவ்ளோ தெளிவா இருக்குது பாரு" என்றார் ஒருவர். நான் பக்கத்திலிருந்த மோடத்தின் விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன். லைன் அறுந்துபோய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. லைன் அறுந்தால் அந்தத் திரை கறுப்பாகாது. கடைசியாக எந்தப் படம் வந்ததோ அதையே பிடித்து வைத்துக்கொண்டு நிற்கும். அவர்கள் பத்து நிமிஷத்துக்கு முந்தைய கொட்டகையைப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. லைன் திரும்பியதும் யாரும் பார்க்காதபோது புதுப்பிக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன், படம் மறுபடி ஓடியது. அப்படித் தட்ட வேண்டும் என்றுகூட அம்மாவுக்குச் சொல்லித் தரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் மற்ற ஏழு பேரும் கழன்றுகொள்வார்கள். இதுதான் என் கணக்கு.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அம்மா படுத்துக்கொண்டே கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கிடையாது. நாலு பேரும் குறுக்கு நூல் ஓடுகிற நாடாவைப் போடுகிறார்கள், பலகை அடிக்கிறது, எதுவும் காதில் விழாது. "கெனாவுல பாக்கற மாரி இருக்குது பாஸ்கரு, ஆனா மனசு குளுந்துபோச்சி" என்று ஒரு நாள் போனில் சொன்னார். நானும் அப்படியே மயங்கித்தான் கிடந்தேன். நம் கையால் மாட்டிய ஒன்றை ஒருத்தர் மணிக்கணக்கில் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்பதில் ஒரு போதை இருக்கிறது. அனுபவித்துப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் அந்த வைகாசி அமாவாசை வந்தது.

எங்கள் பக்கத்தில் அமாவாசை என்றால் தறி ஓடாது. அன்றைக்கு லீவு, அது அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வருவது. தெருவே அமைதியாக இருக்கும். ஆனால் அந்த மாதம் ஒரு முகூர்த்தப் புடவை கோதண்டத்தின் தறியில் இரண்டு முழம் பாக்கியோடு நின்றிருந்தது. பெண் வீட்டார் மறுநாள் சாயங்காலம் வந்து வாங்கிப்போவதாக இருந்தது. அமாவாசைக்கு நிறுத்தினால் முடியாது. அம்மா அவருக்குச் சொல்லி அனுப்பினார். எனக்காக ஒரே ஒரு நாள் உட்கார் என்று கேட்டார். கோதண்டம் ஒப்புக்கொண்டார். மற்ற மூன்று பேரும் வரவில்லை. அவர் மட்டும் காலையில் கொட்டகையைத் திறந்து உட்கார்ந்தார்.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பிரிண்ட் எடுக்கற மெஷின எடுத்துகினு ஜல்தியா வா" என்றார். குரல் சரியில்லை. என் கடையிலிருந்த பிரிண்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன்.

அம்மா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உட்காரக் கூடாத உடம்பு. கண் சிவந்திருந்தது. திரையில் கொட்டகை தெரிந்தது. நாலு தறியிலும் ஆள் இல்லை. முதல் தறியின் இருக்கை காலி.

"பாத்தியா? பத்து மணிலேர்ந்து இதே கோலம்தான்" என்றார். "எனக்காக ஒக்காரேன்னு வாய் நெறைய சொன்னான். நானும் நம்பிகினு படுத்துகினு கெடக்கறேன். செய்யார் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், இவனும் போவப் போறான்னு போன வாரமே நாலு பேர் சொன்னாங்க. நான் காதுல வாங்கல. இன்னிக்கி எல்லாரும் லீவுல இருக்கற நாளா பாத்து அங்க போயிருக்கான். பன்னண்டு வருஷம் பாஸ்கரு. கூடப் பொறந்தவன் மாரி வெச்சிருந்தேன்."

அவர் அழுதார். ருக்மணி அம்மா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கொட்டாய்க்கு யாரையாவது அனுப்பிப் பாத்தீங்களாம்மா?"

"எதுக்கு அனுப்பணும்? கண்ணாலதான் பாத்துகினு இருக்கேனே. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கல, எல்லாம் கோயிலுக்குப் போயிருப்பாங்க. சேகர அனுப்பியிருக்கேன், வேற நெசவாளிய கூட்டிகினு போயி அந்தத் தறில ஏத்தச் சொல்லி. உன்னக் கூப்ட்டப்பவே கெளம்பிட்டான். இவன் இனிமே என் தறில ஒக்காரக் கூடாது. நீ இந்தப் படத்த பேப்பர்ல எடுத்துக் குடு. பன்னண்டு வருஷத்து ஆள ஏன் எறக்கினேன்னு நாளைக்கு ஊர்ல நாலு பேர் கேப்பாங்க. காட்டணும்."

சேகர் அவருடைய தம்பி. ஒரு நெசவாளரை நெய்துகொண்டிருக்கிற புடவையின் நடுவில் இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருடைய அடியும் வேறு. கை மாறிய இடத்தில் புடவையில் குறுக்கே ஒரு கோடு விழும். தெரிந்த கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். அதைவிடப் பெரியது மானம். பாதிப் புடவையில் இறக்கப்பட்டவன் என்று பேர் வந்துவிட்டால் வேறு எந்த மாஸ்டர் வீவரும் அவனுக்குப் பாவு கொடுக்க யோசிப்பார். கோதண்டத்துக்கு வேறு தொழில் தெரியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பிரிண்டரைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். வாடிக்கையாளர் கேட்டார், செய்கிறோம், நமக்கென்ன. அதுவும் இல்லாமல், என் கேமரா ஒரு திருட்டுத்தனத்தைப் பிடித்திருக்கிறது என்று ஒரு அல்ப சந்தோஷமும் மூலையில் இருந்தது. மறைக்கவில்லை, இருந்தது.

பேப்பரை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினேன். இருக்கை நன்றாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். அப்போது மூலையில் குடம் பளபளத்தது.

சதுர வெளிச்சம் குடத்தின் மேல் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. மறுபடி திரையைப் பார்த்தேன். முள்ளிப்பட்டில் மட்டும் பத்து மணி. அந்தக் கொட்டகையில் சூரியன் நகரவே இல்லை. எனக்கு எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துபோனது. வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது, உள்ளே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் காலை நேரம் அப்படியே உறைந்து கிடக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அமைதி. அந்த அமைதி என்னுடைய தப்பு என்று புரிய இன்னும் ஒரு நொடி ஆனது.

பத்து மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. கேமரா செத்துவிட்டது. தறிக்குக் கரண்ட் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் போகும். உண்மையைச் சொன்னால் ஊரெல்லாம் தெரியும், ஏழு பேரும் போய்விடுவார்கள். சொல்லாமலே காரியத்தைச் சரிசெய்தால் என்ன? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பட்டனைத் தட்டினேன். கரண்ட் திரும்பி வந்திருந்தது போலும். திரை வெள்ளையாகி, வரி வரியாகக் கொட்டகை இறங்கியது. வெளிச்சம் முதல் தறியின் மேல் இருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் கோதண்டம் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். முதுகு முன்னும் பின்னும் ஆடியது.

"இதோ இருக்காரும்மா" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். நான் நினைத்தது நடக்கவில்லை.

"இப்ப வந்து ஒக்காந்துகினு இருக்கான்" என்றார் மெதுவாக. "மூணு மணி நேரம் ஊர் சுத்திட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாரி ஒக்காந்து நெய்யறான் பாரு. நாளைக்கு வந்து, நான் எங்கயும் போவலயேன்னு என் மூஞ்சி முன்னாடியே சொல்லுவான். இனிமே இவன என்னன்னு நம்பறது?"

அரை உண்மை எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது பாருங்கள். ஓடிப்போனவன் என்று இருந்ததைப் பொய்யன் என்று ஆக்கிவிட்டேன்.

திரையில் கொட்டகைக் கதவு திறந்தது. சேகர் உள்ளே வந்தார், கூட ஒரு நெசவாளர். சத்தமில்லாமல் சேகரின் வாய் அசைந்தது. கோதண்டத்தின் முதுகு ஆடுவது நின்றது. அவர் தலையைத் தூக்கிக் கேட்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எனக்குப் படம்தான் மறுபடி நின்றுவிட்டதோ என்று சந்தேகம். பிறகு நாடாவைத் துணியின் மேல் நேராக வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து மேலே ஏறினார். வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைக் குழிக்குள் விட்டார்.

"அம்மா, தப்பு என்னுதும்மா" என்றேன்.

"இன்னா தப்பு?"

"கோதண்டண்ணன் எங்கயும் போவல. நீங்க பாத்தது பத்து மணிப் படம். கரண்ட் போனா படம் அப்படியே நின்னுடும். எனக்கு மொத நாளே தெரியும். உங்களாண்ட சொல்லல. வெளிச்சம் கொடத்து மேலயே இருந்திச்சிம்மா, மூணு மணி நேரமா. நீங்க பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மொதல்ல சேகருக்குப் போன் போடுங்கம்மா, அந்த ஆளு தறில எறங்கறாரு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். போனை எடுத்தார். "சேகரு, நிறுத்து. வந்தவர நாடாவத் தொட வேணாம்னு சொல்லு" என்றார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் திரையில் சேகர் சட்டைப் பையில் கையை விட்டார். அந்தக் காலத்தில் படம் பேச்சுக்குப் பின்னாலேயே வரும். அம்மா இங்கே அடுத்த வார்த்தை பேசிவிட்டார், அங்கே சேகர் இப்போதுதான் போனைக் காதில் வைக்கிறார். சொல் முன்னே போய்விட்டது, மனிதர்கள் மெல்ல அதன் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"காலையில இருந்த எடத்துல கோதண்டம் ஓரத்துல நூல் முடிஞ்சி வெச்சிருப்பான். அங்கேர்ந்து எவ்ளோ நெய்ஞ்சிருக்கான், கைய வெச்சிப் பாரு."

சேகர் குனிந்தார். போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "ஒரு சாணுக்கு மேல இருக்குதுக்கா. பத்து மணிக்கு மிதி கயிறு அறுந்துபோச்சாம், குழிக்குள்ள எறங்கிக் கட்டிகினு இருந்தாராம். மத்தபடி எழுந்திருக்கவே இல்லங்கறாரு. டீக்குக்கூடப் போவலயாம்."

இருக்கை காலியாக இருந்தது அதனால்தான். குழிக்குள் இறங்கிக் குனிந்தவர் மேலிருந்த கேமராவுக்குத் தெரியவில்லை, சரியாக அந்த நிமிஷம் கரண்ட் போயிருக்கிறது.

"போன அவன்கிட்ட குடு" என்றார் அம்மா.

திரையில் கோதண்டம் போனை வாங்கினார். அவர்தான் முதலில், "நான் இல்லன்னு உங்களாண்ட யாரும்மா சொன்னாங்க?" என்றார்.

"யாரும் சொல்லல கோதண்டம். பொட்டில பாத்தேன்."

"அமாவாசையில உங்க வார்த்தைக்காக ஒக்காந்தேம்மா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் போனைச் சேகரிடம் கொடுத்துவிட்டு, குழியில் இறங்கி நெய்ய ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ருக்மணி அம்மா டாக்டர் பேச்சை மீறி ஆட்டோவில் படுத்தபடியே முள்ளிப்பட்டுக்குப் போனார். இறங்க முடியவில்லை. கோதண்டம் ஆட்டோவுக்கு வந்தார். "தப்பு பண்ணிட்டேன்பா" என்று அம்மா எல்லோர் எதிரிலும் சொன்னார். "போனது போவட்டும்மா" என்றார் அவர். சாயங்காலம் புடவை முடிந்தது. அம்மா அதை மடியில் போட்டு முழு நீளமும் தடவிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேமராவைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த ஏழு பேரிடமும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேருக்கு மாட்டினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். மாட்டி முடித்ததும் வீட்டுக்காரரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, சொல்லாமல் போய் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். ஐந்து நிமிஷம் அந்தச் செத்த படத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அப்புறம் வந்து உண்மையைச் சொல்வேன். தேதியும் மணியும் தப்பாகக் காட்டினாலும் மூலையில் இருக்கும், எடுக்க மாட்டேன். இந்த இரண்டையும் நீங்கள் விடக் கூடாது. விட்டீர்கள் என்று கேள்விப்பட்டால் முட்டி வலியோடு கடைக்கு வந்து திட்டுவேன்.

ஆனால் நான் பேச உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். செய்யார் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் கோதண்டம் இருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. கையில் சாப்பாட்டுப் பை.

"அண்ணா, தறி?" என்றேன்.

"விட்டுட்டேன்பா. பாவு முடிஞ்சதும் அம்மாவாண்ட சொல்லிட்டுதான் வந்தேன். அவங்க நல்லவங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் அங்க ஒக்கார முடியல. பின்கழுத்துல எதோ ஒக்காந்துகினு இருக்கற மாரியே இருந்திச்சி."

"கேமராவ அன்னிக்கே கழட்டிட்டேன்ணா."

"தெரியும்."

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்ட கை என் கண் முன்னால் இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் அதைக் கேட்காதவர் போல வேறு ஒன்றைக் கேட்டார்.

"பாஸ்கரு, அன்னிக்கி வெளிச்சத்தப் பாத்து நீ கண்டுபுடிச்சிட்ட. சந்தோசம். நான் நெஜமாவே ஒரு மணி நேரம் எழுந்து போயிருந்தேன்னு வெச்சிக்க. பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு வெச்சிக்க. அப்ப அந்தப் படத்த பிரிண்ட் போட்டுக் குடுத்திருப்ப இல்ல?"

பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் அவசரப்படவில்லை, பதிலுக்காக நின்றார்.

"குடுத்திருப்பேன்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.